காடிக்கு எண்ணெய்

அத்தியாயம் பதினான்கு

"பெட்ரோல் டாங்கியை எப்பதான் கழட்டப் போற?"

காலை எட்டு மணிக்கே கைப்பேசியில் காமாரியாவின் குரல் இரைந்தது. பினாங்கு ஜுருவில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை அவளுடையது. சுபாஷினி அங்கே கணக்கெழுதப் போய், இரண்டே வருடத்தில் எந்த ஸ்குரூ எந்தக் காருடையது என்று கண்ணை மூடிச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

"இன்னிக்குத்தான்க்கா. லீவு போட்டதே அதுக்குத்தானே."

"காப்ரட்டரை மூணு தரம் கழுவியாச்சு. பம்புக்குப் புது ரப்பர் போட்டாச்சு. ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. ஒவ்வொரு தரமும் காடி நாலு நிமிசம் ஓடிட்டு செத்துப் போவுது. அழுக்கு எங்கேருந்து வருதுன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும் லா."

"மாமா வாசல்லயே உக்காந்திருக்காரு. டாங்கியைத் தொறந்தா வாசனை வரும்."

"வரட்டுமே! வாசனையே சொல்லட்டும். ஒனக்குத்தான் வாய் வரலையே."

வைத்துவிட்டாள்.

காமாரியாவுக்குத் தெரிந்ததே போன வாரம்தான். மூன்று ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததைச் சுபாஷினி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்று, அவள் பேராவூரணியிலிருந்து பினாங்குக்கு மருமகளாக வந்து பதினெட்டாவது நாள். மறுநாள் நாத்தனார் பிரமிளாவுக்குக் கல்யாணம். வீடெல்லாம் ஆள். மாமனார் சின்னையா குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "சுபா! காடிக்கு எண்ணெய் ஊத்தி வச்சிடும்மா. பின்னால டின் இருக்கு."

காடி என்றால் கார் என்பதை அவள் அந்த வாரம்தான் கற்றிருந்தாள். எண்ணெய் என்றால் இந்த ஊரில் பெட்ரோல் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. பேராவூரணியில் பெட்ரோலுக்குப் பெட்ரோல் என்றுதான் பெயர்.

"எங்க ஊத்தணும் மாமா?"

"பின்பக்க மூடியைத் தொறந்து ஊத்தும்மா. வேற எங்க ஊத்துவாங்க?"

கல்யாணத்துக்குப் போகிற வண்டி. மங்கல காரியம். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பின்கட்டு அலமாரியிலிருந்த நல்லெண்ணெய் டின்னை எடுத்து, இரண்டு லிட்டரையும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். சின்னையா பிடித்து வந்து பக்கத்திலேயே வைத்திருந்த பெட்ரோல் டின்னை அவள் தொடவே இல்லை.

மறுநாள் எல்லோரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சின்னையா மாலைகளை எடுத்துக்கொண்டு தன் டட்சனில் தனியாகக் கிளம்பினார். பினாங்குப் பாலத்தின் நடுமேட்டில் வண்டி வெள்ளைப் புகை கக்கி நின்றது. இழுவை லாரி வந்து சேர்வதற்குள் பட்டர்வொர்த் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்துவிட்டது. பிரமிளாவின் கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவளுடைய பெரியப்பா.

"எண்ணெய் தப்பு அங்கிள்," என்றான் லாரிக்காரன். டின்னில் பெட்ரோலுக்குப் பதில் டீசலைப் பிடித்து வந்தது தானேதான் என்று சின்னையா முடிவு கட்டினார். மகன் குணாளனும் அதையே சொன்னான். "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது." அன்றே சாவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தவர்தான். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

*

கெலுகோரில் இருந்த அவர்கள் வீட்டின் முன்புறத் தகரக் கூரைக்குக் கீழே நீல நிற டட்சன். அதன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சின்னையா. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும்.

"பிறந்தநாள் வாழ்த்துகள் மாமா."

"எத்தனைன்னு கேளு."

"எத்தனை?"

"எழுவத்தி ரெண்டு." சிரித்தார். "சரியா சொன்னேனா? எதுக்கும் ஐ.சி.யில பொறந்த தேதியைப் பார்த்துக்கோ."

அவர் சிரித்த பிறகு நோட்டை எடுத்து எழுதினார். எட்டு பத்து. மருந்து சாப்பிட்டேன். கேஸ் அடைத்தேன். சாவி பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். செய்ததை எழுதாவிட்டால் செய்தோமா என்று அவருக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம்.

வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருந்த குணாளன் காலணி மாட்டியபடியே சொன்னான்.

"சுபா, இன்னிக்கும் இந்த எண்ணெய்க் குளியலா? சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து காடியைத் தூக்கிட்டுப் போகப் போறான். சும்மா கிடந்து கஷ்டப்படாத."

"ஓடற வண்டியா இருந்தா யாரும் தூக்க வேண்டியதில்லைங்க."

"ஓடினாலும் யாரு ஓட்டப் போறா? அப்பா லைசென் காலாவதியாகி இன்னியோட மூணு வருசம். இன்னிக்குப் புதுப்பிக்கலன்னா மறுபடி எல் போர்டு மாட்டி டெஸ்டுக்கு நிக்கணும். அஞ்சு மணிக்கு மேல இந்தப் பேச்சே இருக்காது."

"அதான் அஞ்சு மணி வரைக்கும் இருக்கே," என்றாள் சுபாஷினி.

"என்னப்பா சொல்றீங்க?" என்று குணாளன் அப்பாவைக் கேட்டான்.

"ஓடாத காடிக்கு லைசென் எதுக்கு?" என்றார் சின்னையா. "நீ வேலைக்குப் போ."

குணாளனின் மோட்டார் சைக்கிள் முனை திரும்பும் வரை சுபாஷினி காத்திருந்தாள். அப்புறம் மாமனாரிடம் வந்து நின்றாள்.

"மாமா, பிறந்தநாளும் அதுவுமா நான் சமைக்கல. சூலியா தெருவுல சிக்கந்தர் அண்ணன் கடை நாசி கண்டார் சாப்பாடு வாங்கிட்டு வர்றீங்களா? மீன் முட்டையோட."

"பஸ்ஸுல போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகுமே!"

"ஆகட்டுமே."

"என்னை விரட்டறியா?"

"ஆமா."

அவர் எழுந்தார். நோட்டில் எழுதினார்: சிக்கந்தர் கடை. நாசி கண்டார் ரெண்டு. மீன் முட்டை. வீட்டுக்குத் திரும்பி வரணும்.

கடைசி வரியைச் சுபாஷினி இரண்டு முறை படித்தாள். முதலில் வண்டி ஓடட்டும். வண்டி ஓடிவிட்டால் அவரே தெம்பாகிவிடுவார். பழைய கதையைக் கிளற வேண்டியே இருக்காது. வண்டியைக் கழற்றிப் பூட்டிய இந்தப் பதினோரு வாரமாக அவள் நம்பியிருந்தது இதைத்தான்.

*

டட்சனில் டாங்கி பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் நிமிர்ந்து நிற்கும். அடியிலிருந்த திருகைக் கழற்றி, இருந்த பெட்ரோலை வாளியில் வடித்தாள். பழுப்பாக இறங்கியது. குழாய்களைப் பிடுங்கினாள். நான்கு போல்ட். மூன்று வந்தன. நாலாவது துருவில் இறுகிப் போயிருந்தது. ஸ்பானரைப் போட்டு, காலை வண்டியில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தாள். முழங்கை உரிந்தது. போல்ட் வந்தது.

டாங்கியை வெயிலுக்குத் தூக்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் விரல் தடிமனுக்கு, வெல்லப்பாகு இறுகியது போல ஒன்று. பெட்ரோல் போகும் வாயிலிருந்த சல்லடையை அது பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் நாலாவது நிமிடத்தில் வண்டி மூச்சடைத்து நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்று வருடமாகியும் எள் வாசனை மட்டும் போகவில்லை.

காமாரியாவைக் கூப்பிட்டாள். "அக்கா, தின்னர் ஊத்தி ஆட்டினேன். அசையல."

"அசையாது. சமையல் எண்ணெய் காஞ்சா பெயிண்டு மாதிரி ஒட்டிக்கும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தெரியாது, அவன் டாங்கியில எவன் நல்லெண்ணெய் ஊத்தினான்? நீ பொம்பள, நீ யோசி. ஒங்க வீட்டு விளக்குல எண்ணெய்ப் பிசுக்கு ஏறினா என்ன செய்வே?"

"சோடாக் காரம் போட்டு சுடுதண்ணியில ஊற வைப்பேன்."

"அப்புறம் என்ன? இது கொஞ்சம் பெரிய விளக்கு. பெட்ரோல் ஆவி போக முதல்ல நல்லாத் தண்ணி விட்டு அலசு. கையுறை போட்டுக்கோ."

தோட்டக் குழாயைச் செருகி மூன்று முறை அலசினாள். பிறகு ஆறு கெட்டில் வெந்நீர். சோடாக் காரம். கோயிலில் மணி கட்டியிருந்த பழைய சங்கிலித் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது, அதையும் உள்ளே போட்டாள். வாயை அடைத்துவிட்டு, டாங்கியை மடியில் வைத்துக் குழந்தையைக் குலுக்குவதுபோல் குலுக்கினாள். கொட்டினாள். காப்பி நிறம். மறுபடி ஊற்றினாள். குலுக்கினாள். தேநீர் நிறம். ஐந்தாவது முறை வந்த தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது.

கொட்டியதில் மிதந்த பிசினைக் கொஞ்சம் பழந்துணியில் துடைத்தெடுத்தாள். தூக்கி எறியத்தான் கை போனது. எறியவில்லை. சுருட்டி ஸ்பானர் பெட்டிக்குள் போட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

*

"என்ன வாசம் இது?"

பன்னிரண்டரை மணிக்கு, கையில் பொட்டலத்தோடு சின்னையா. டாங்கி வெயிலில் கவிழ்ந்து காய்ந்து கொண்டிருந்தது.

"சோடாக் காரம் மாமா."

"இல்ல. அதுக்குக் கீழ வேற ஒண்ணு."

"தின்னராயிருக்கும்."

மறுபடியும் ஒரு பொய். எவ்வளவு சுலபமாக வருகிறது! பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டார்கள்.

"சிக்கந்தர் கேட்டான். 'என்னண்ணே, காடியில வராம பஸ்ஸுல வர்றீங்க?'ன்னு. மூணு வருசமா கேக்கறான், பாவி. எனக்கு மறதின்னா அவனுக்கு அதுக்கு மேல."

சுபாஷினி தன் மீன் முட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டு மணிக்கு டாங்கி சருகாகக் காய்ந்திருந்தது. புதுச் சல்லடை, புது ஹோஸ், புதுக் கிளிப். மூன்றேகாலுக்கு எல்லாம் பூட்டி முடித்து, ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றினாள். காப்ரட்டர் வாயில் ஒரு கரண்டி விட்டாள். சாவியைத் திருப்பினாள்.

சளி பிடித்தவன் இருமுவது போல இருமியது. மறுபடி திருப்பினாள். இருமல். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

சின்னையா எழுந்து வந்து போனெட் பக்கம் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம்."

"மூணு."

சுபாஷினி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"நாலு. இப்ப சாவும் பாரு."

சாகவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "கொஞ்சம் எண்ணெய் மிதி," என்றார். மிதித்தாள். வண்டி சீறிவிட்டு அமைதியாக முனகியது. பத்தாவது நிமிடத்தில் அவர் நோட்டை எடுத்து எழுதினார்: மூணு முப்பத்தஞ்சு. காடி ஓடுது. சுபா ஓட வச்சா.

"மாமா, சட்டையை மாத்துங்க. போஸ்ட் ஆபீஸ் போகலாம். லைசென் புதுப்பிச்சிடலாம்."

அவர் நோட்டைப் பைக்குள் வைத்தார். "வேணாம்மா."

"ஓடாத காடிக்கு எதுக்குன்னு கேட்டீங்க. ஓடுதே!"

"காடி சரியாயிடுச்சு. நான் சரியாகலையே." அவர் குரலில் கோபமில்லை. கடைக்குப் போய்விட்டு வந்த விஷயம் போலச் சொன்னார். "நாப்பது வருசம் ஓட்டினவன் நான். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாம பிடிச்சிட்டு வந்து, பெத்த மகளைத் தாரை வார்க்க முடியாம பாலத்துல நின்னேன். அன்னிக்கு உள்ள ஏதோ ஒண்ணு கழண்டு போச்சு சுபா. நாளைக்கு ஒரு பிள்ளை குறுக்க ஓடிவந்தா, எது பிரேக்கு எது எண்ணெய்னு கால் மறந்துச்சுன்னா? என் புத்தியை நானே நம்பல. நீ எப்படி நம்புவே?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பதினோரு வாரம் அவள் சரிசெய்தது வெறும் இரும்பைத்தான்.

சாவியைத் திருப்பி அணைத்தாள். இறங்கினாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க டின்ல பிடிச்சிட்டு வந்தது பெட்ரோல்தான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அது டாங்கிக்குள்ள போகவே இல்லை."

"என்னம்மா ஒளர்ற? எண்ணெய் ஊத்தச் சொன்னேன். நீதானே ஊத்தினே?"

"எண்ணெய்தான் மாமா ஊத்தினேன்." அவள் குரல் உடைந்தது. "நல்லெண்ணெய்."

சின்னையா அவளையே பார்த்தார்.

ஸ்பானர் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை நீட்டினாள். அவர் வாங்கி மூக்கருகே கொண்டு போனார். ஒரு முறை. இன்னொரு முறை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் மறக்கல."

"இல்ல மாமா."

"டீசல் பிடிக்கல."

"இல்ல."

"திரும்பச் சொல்லு."

"நீங்க எதையும் மறக்கல. நீங்க சொன்னது எனக்குப் புரியல. தப்பு என்னோடது."

அவர் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை.

"மூணு வருசமா பார்த்துக்கிட்டே இருந்தியே! கேஸ் அடைச்சதை எழுதினேன். குளிச்சதை எழுதினேன். வீட்டுக்குத் திரும்பி வரணும்னு எழுதினேன். பேனாவுல மை தீர்ந்தப்போ நீதானே புதுப் பேனா வாங்கிக் குடுத்தே?"

"ஆமா மாமா."

"ஏன்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வாரம் எனக்கே தெரியாது. எண்ணெய் ஊத்திட்டுப் போலாம்னு சொல்லிட்டு உங்க மகன் மோட்டார் சைக்கிளைப் பெட்ரோல் பங்க்ல நிறுத்தினப்போதான் புரிஞ்சுது. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பீங்களேங்கிற பயம், செஞ்ச தப்பை விடப் பெருசாயிடுச்சு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுபாஷினி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் கரி. "மன்னிக்க வேணாம் மாமா. திட்டணும்னா வழியெல்லாம் திட்டுங்க. இந்தக் காடிக்கு ரோட் டாக்ஸ் இல்ல, என் மோட்டார்லதான் போகணும். மணி நாலு. ஹெல்மெட் இந்தாங்க."

*

வழியெல்லாம் திட்டினார்.

"நல்லெண்ணெயாம்! காடி என்ன உங்க ஊர் அம்மனா, எண்ணெய் முழுக்காட்ட?"

"கெட்டியா பிடிச்சுக்கோங்க மாமா."

"ரெண்டு லிட்டர்! ஒரு கரண்டியாவது மிச்சம் வச்சியா?"

"இல்ல மாமா."

"இந்தத் தெருவுல போகாத, சாலை அடைச்சிருக்கும். லெஃப்ட்ல வெட்டு. லெஃப்ட்டு! நான் வழி மறக்கல, தெரியுதா? எனக்கு ஒரு சந்து மறக்கல!"

அவள் இடது பக்கம் வெட்டினாள். சாலை காலியாக இருந்தது.

சிவப்பு விளக்கில் நின்றார்கள். பச்சை விழுந்த பிறகுதான் அவர் மெதுவாகக் கேட்டார்.

"சுபா. அந்தப் பெட்ரோல் டின்னை நீ தொடவே இல்லையா?"

"இல்ல மாமா. நெறைய இருந்துச்சு, அப்படியே."

"அப்புறம் அது எங்க?"

"கல்யாணம் முடிஞ்சு வந்து பார்த்தப்போ காணோம்."

"குணா என்கிட்ட வந்து சொன்னான்." வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "'டின்னை மோந்து பார்த்தேன்பா, காலி டின், டீசல் வாடை அடிக்குது, தூக்கிப் போட்டுட்டேன்'னு சொன்னான்."

சுபாஷினியின் கை பிரேக்கைத் தானாகவே அழுத்தியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"ஓட்டு," என்றார் சின்னையா. "முதல்ல போஸ்ட் ஆபீஸ்."

நாலு நாற்பதுக்கு உள்ளே நுழைந்தார்கள். முன்னால் ஐந்து பேர். நாலு ஐம்பத்து மூன்றுக்கு அவர்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த ஃபாத்தின் என்ற பெண் பழைய லைசென்ஸைத் திருப்பிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள் பாக்சிக்," என்று அவரை மலாயில் மாமா என்றழைத்துச் சொன்னாள். "எத்தனை வருசத்துக்கு வேணும்? ஒண்ணு? ரெண்டு?"

"அஞ்சு," என்றார் சின்னையா.

புது லைசென்ஸைக் கையில் வாங்கி, பெயரையும் எண்ணையும் ஒரு முறை படித்தார். வழக்கம்போலக் கை சட்டைப் பைக்குப் போய் நோட்டை எடுத்தது. பேனாவைத் திறந்தார். பின்பு மூடி, நோட்டைச் சுபாஷினியிடம் நீட்டினார்.

"இது இருக்கட்டும் ஒன்கிட்ட. எனக்கு ஞாபகம் இருக்கும்."

அதே நேரம் அவள் கைப்பேசி அடித்தது. குணாளன். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சுபா, மணி அஞ்சாயிடுச்சு. அப்பா போகலைல்ல?"

அவன் குரலில் இருந்தது கவலையா, நிம்மதியா? மூன்று ஆண்டு கூட வாழ்ந்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த டின்னை நிறையப் பெட்ரோலோடு பார்த்தவனுக்கு, காலி நல்லெண்ணெய் டின் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தானா? அப்பாவின் சாவியைப் பிடுங்க மறைத்தானா?

சின்னையா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"குணா, அப்பாதான்டா."

"அப்பா? எங்க இருக்கீங்க?"

"அந்தத் தகர டின்னு இருக்கே. டீசல் வாடை அடிச்சுதுன்னு சொன்னியே. எந்த மூக்கால மோந்து பார்த்தேடா?"

மறுமுனையில் தொழிற்சாலை இரைச்சல் மட்டும் கேட்டது. குணாளன் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"யோசிச்சு வை," என்றார் சின்னையா. "நீ வர்றப்போ நான் காடிக்குள்ளதான் உக்காந்திருப்பேன். டிரைவர் சீட்டுல."